கேலண்ட்லியை ஜாப்பியரோடு இணைக்கப் போறீங்களா? ‘கனெக்ட்’ பட்டனை அழுத்தும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

சனிக்கிழமை மாலை 7 மணி. திருச்சியில் ஒரு பாட்டு டீச்சர் லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கிறார். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் எட்டு வயதுச் சிறுமிக்கு முதல் நாள் டிரையல் கிளாஸ். 7.15 ஆகியும் திரையில் யாரும் வரவில்லை. போன் போட்டால் சிறுமியின் அம்மா கேட்கிறார்: “டீச்சர், கிளாஸ் கேன்சல்னு உங்ககிட்ட இருந்துதானே வாட்ஸ்அப் வந்துச்சு?”

டீச்சர் எதையும் கேன்சல் செய்யவில்லை. நடந்தது இதுதான். அந்த அம்மா காலையில் கிளாஸை 6 மணியிலிருந்து 7 மணிக்கு மாற்றினார். முன்பதிவு மென்பொருள் அதைச் சரியாகவே மாற்றிக்கொண்டது. ஆனால் அதோடு இணைத்திருந்த ஆட்டோமேஷன், அந்த ஒரே மாற்றத்தை ‘பழையது கேன்சல், புதியது பதிவு’ என்று இரண்டு நிகழ்வுகளாகப் பார்த்தது. இரண்டு மெசேஜ் போனது. கடைசியாகப் போய்ச் சேர்ந்தது கேன்சல் மெசேஜ்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், கிளினிக், டியூஷன், கன்சல்டிங், ஃப்ரீலான்ஸ் என்று நேரத்தை விற்றுப் பிழைக்கும் எவருக்கும் இது நடக்கலாம். இரண்டு ஆப்களை இணைக்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன் செய்ய வேண்டிய தயாரிப்புதான் உண்மையான வேலை. அதைத் தவிர்த்தால், மென்பொருள் நம் குழப்பத்தை நம்மைவிட வேகமாகச் செய்து முடித்துவிடும்.

யார் என்ன வேலை செய்கிறார்கள்?

‘உங்களுக்கு எப்போ ஃப்ரீ?’ ‘செவ்வாய் ஓகேவா?’ ‘இல்ல, புதன்?’ என்று நீளும் பேச்சை முடிவுக்குக் கொண்டுவருவது ஷெட்யூலிங் மென்பொருள். நைஜீரியாவில் பிறந்த டோப் அவோடோனா 2013-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் தொடங்கிய கேலண்ட்லி இதில் பிரபலம். காலியாக இருக்கும் நேரங்களை ஒரு லிங்க்கில் காட்டும், வேண்டியவர் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

ஒரு ஆப்பில் ஒன்று நடந்தால் இன்னொரு ஆப்பில் தானாக ஒரு வேலையைச் செய்வது ஆட்டோமேஷன் சேவை. 2011-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தொடங்கிய ஜாப்பியர் இதில் பெரிய பெயர். மேக், என்8என் போன்றவையும் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஜோஹோவிடம் இரண்டுமே இருக்கின்றன: முன்பதிவுக்கு ஜோஹோ புக்கிங்ஸ், இணைப்புக்கு ஜோஹோ ஃப்ளோ.

எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ‘இது நடந்தால்’ என்பது ட்ரிகர். ‘அதைச் செய்’ என்பது ஆக்‌ஷன். புதிய முன்பதிவு வந்தால், ஷீட்டில் ஒரு வரி சேர். அவ்வளவுதான்.

தகவல் எப்படிப் போகிறது? இரண்டு வழி. பால் வந்துவிட்டதா என்று அடிக்கடி வாசலுக்குப் போய்ப் பார்ப்பது ஒன்று. பால்காரரே மணி அடிப்பது இன்னொன்று. முதலாவது போலிங், சில நிமிடத் தாமதம் இருக்கும். இரண்டாவது வெப்ஹூக், உடனே வந்துவிடும். கேலண்ட்லி, ஜாப்பியருக்கு மணி அடிக்கும் ரகம்.

முதல் கேள்வி: இணைப்பு தேவையா?

கூகுள் காலண்டரில் பதிவு செய்ய, ஜூம் லிங்க் உருவாக்க, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அனுப்ப ஜாப்பியர் தேவையில்லை. இவற்றைக் கேலண்ட்லியே நேரடியாகச் செய்யும். இது தெரியாமல் நடுவில் இன்னொரு சேவையைப் போட்டால், ஒரே கிளாஸ் காலண்டரில் இரண்டு முறை உட்காரும். ஒரே ஆளுக்கு மூன்று நினைவூட்டல் போகும்.

ஆகவே, ஷெட்யூலிங் மென்பொருள் ஏற்கெனவே எதையெல்லாம் செய்கிறது என்று முதலில் பட்டியல் போட வேண்டும். மிச்சம் இருப்பதற்கு மட்டும் ஆட்டோமேஷன். பாட்டு டீச்சர் விஷயத்தில் மிச்சம் மூன்று: மாணவர் பதிவேட்டில் ஒரு வரி, பெற்றோருக்கு வாட்ஸ்அப், கட்டணக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு ஒரு தகவல். மாதத்துக்கு எட்டுப் பத்து கிளாஸ்தான் என்றால், ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

பேப்பரில் வரையுங்கள்

கம்ப்யூட்டரைத் தொடும் முன், இன்று கையால் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. ‘புக் பண்ணினா என்ன ஆகும்?’ என்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள். தவறுவது மற்ற மூன்றில்தான்:

• நேரத்தை மாற்றினால்?
• கேன்சல் செய்தால்? அதிலும் கேன்சல் செய்தது அவரா, நாமா?
• சொல்லாமலே வராமல் போனால்?

கேலண்ட்லியில் ஒருவர் நேரத்தை மாற்றும்போது, வெளியே இரண்டு தகவல்கள் போகின்றன. பழைய முன்பதிவு ரத்தானது என்று ஒன்று. புதிய முன்பதிவு உருவானது என்று ஒன்று. ரத்துத் தகவலுக்குள்ளேயே ‘இது நேர மாற்றத்தால் வந்த ரத்து’ என்ற குறிப்பும் இருக்கும். அதைப் பார்த்து வடிகட்டும்படி ஒரு ஃபில்டர் போட்டால், தேவையில்லாத கேன்சல் மெசேஜ் போகாது. நம் டீச்சரின் ஆட்டோமேஷனில் இல்லாமல் போனது அந்த ஒரே ஒரு ஃபில்டர்தான்.

இரண்டு தகவல்களையும் கையாள்பவை தனித்தனி ஆட்டோமேஷன்கள் என்பதால், எது முதலில் முடியும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. ‘முதல்ல கேன்சல் போகும், அப்புறம் புக்கிங் போகும், புரிஞ்சுக்குவாங்க’ என்று நம்பிவிட முடியாது.

வராமல் போனதை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்காது. அதை ஒரு மனிதர்தான் குறிக்க வேண்டும். யார், எப்போது குறிப்பார் என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.

படிவத்தைச் சுத்தம் செய்யுங்கள்

ஆட்டோமேஷன், படிவத்தில் வந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு போகும். யோசிக்காது. அதனால் கேள்விகளை முதலில் சரிசெய்ய வேண்டும்.

‘பெயர்’ என்று ஒரே கட்டம் இருந்தால், அம்மா தன் பெயரைப் போடுவார். பதிவேட்டில் மாணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் பெயர் வரும். ‘மாணவர் பெயர்’, ‘பெற்றோர் பெயர்’ என்று பிரித்துவிடலாம். ‘என்ன நிலை?’ என்று எழுதச் சொன்னால், ஒருவர் ‘சரளி வரிசை’ என்பார், இன்னொருவர் ‘பிகினர்’ என்பார், மூன்றாமவர் ‘கொஞ்சம் பாடுவாள்’ என்பார். பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கச் செய்தால் தலைவலி இல்லை.

போன் நம்பர் இன்னும் சிக்கல். வாட்ஸ்அப் போக வேண்டுமானால் நாட்டுக் குறியீடு கட்டாயம். சாதாரண எழுத்துக் கட்டமாக விட்டால் பத்து இலக்கத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். நியூ ஜெர்சி நம்பருக்கும் பத்து இலக்கம், நம்ம ஊர் நம்பருக்கும் பத்து இலக்கம். எது எந்த நாடு? போன் நம்பருக்கென்றே இருக்கும் கேள்வி வகையைத் தேர்ந்தெடுத்தால் நாட்டுக் குறியீடும் சேர்ந்து வரும்.

அங்கே சரியாக வந்த நம்பர், கூகுள் ஷீட்ஸில் போய்க் கெடலாம். அது நம்பரை ஒரு எண்ணாக நினைத்து, முன்னால் இருக்கும் கூட்டல் குறியையோ பூஜ்யத்தையோ தூக்கிவிடக்கூடும். அந்தப் பத்தியை முன்கூட்டியே ‘பிளெயின் டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவைத்தால் போதும்.

இணைத்த பிறகு படிவத்தில் ஒரு கேள்வியை மாற்றினாலோ நீக்கினாலோ, எந்தப் பதில் எந்தப் பத்தியில் விழுகிறது என்று மறுபடி பார்க்க வேண்டும். அதனால்தான் படிவத்தை முதலில் முடிவு செய்வது முக்கியம்.

நேரம்: சனியா, ஞாயிறா?

வெளிநாட்டில் வாடிக்கையாளர் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இது. நியூ ஜெர்சிக் குடும்பம் ஒன்று, கோடைக் காலத்தில் சனிக்கிழமை இரவு 7.30 மணியைத் தேர்வு செய்கிறது. நம் டீச்சருக்கு அது ஞாயிறு அதிகாலை 5 மணி. ஆனால் கேலண்ட்லி வெளியே அனுப்பும் தகவலில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக அந்தத் தகவலில் இருப்பது சனிக்கிழமை 23.30.

மாற்றாமல் அப்படியே ஷீட்டில் ஏற்றினால், ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் பதிவேட்டில் சனிக்கிழமையாகிவிடும். சனி இரவு விழித்துக்கொண்டு காத்திருப்பதா, ஞாயிறு அதிகாலை எழுவதா? ஜாப்பியரில் நேரத்தை மாற்றித் தரும் ‘ஃபார்மேட்டர்’ படி உண்டு. எந்த நேரத்திலிருந்து எந்த நேரத்துக்கு என்று அதில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோருக்குப் போகும் மெசேஜில் அவர்கள் ஊர் நேரம். டீச்சரின் பதிவேட்டில் இந்திய நேரம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதி மாற்றுகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். அதனால் நியூ ஜெர்சிக்கும் நமக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம்; குளிர்காலத்தில் பத்தரை. ‘ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டு’ என்று நாமே ஒரு கணக்கை எழுதிவைத்தால், அது நவம்பரில் சத்தமில்லாமல் தப்பாகும். எண்ணைக் கூட்டக் கூடாது. ‘அமெரிக்கா/நியூயார்க்’ என்பதுபோல் இடத்தின் பெயரால் நேர மண்டலத்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

யாருடைய லாகின்?

இணைக்கும்போது ஒரு சின்ன விண்டோ திறந்து ‘அனுமதி தருகிறீர்களா?’ என்று கேட்கும். அது ஓஆத் என்ற முறை. இதில் நம் பாஸ்வேர்டு ஜாப்பியருக்குப் போவதில்லை. குறிப்பிட்ட வேலைகளுக்கான அனுமதி மட்டும் போகிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த அனுமதி ஒரு குறிப்பிட்ட அக்கவுண்டோடு கட்டப்பட்டிருக்கிறது.

‘நீயே உன் ஜிமெயில்ல போட்டு இணைச்சிடுப்பா’ என்று ஆபீஸில் ஒரு ஜூனியரிடம் விட்டுவிடுவது பல இடங்களில் நடப்பது. ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போவார். அவர் அக்கவுண்ட் மூடப்படும். அன்றோடு ஆட்டோமேஷனும் நிற்கும். பிழை அறிவிப்பு மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். புதிய முன்பதிவுகள் வரும். ஷீட்டில் எதுவும் ஏறாது. முதல் வாடிக்கையாளர் கோபமாகப் போன் செய்யும்வரை யாருக்கும் தெரியாது.

நிறுவனத்தின் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல், இரண்டு பேருக்கு அணுகல், டூ-ஃபேக்டர் பாதுகாப்பு: இந்த மூன்றும் இணைப்பதற்கு முன் ரெடியாக இருக்க வேண்டும். குழுவாக வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒருவருடைய லாகினில் இணைத்தால் அவருடைய முன்பதிவு மட்டும்தான் வருமா, குழு முழுவதற்கும் வருமா? பாட்டு டீச்சரோடு நாளை ஒரு மிருதங்க ஆசிரியர் சேர்ந்தால், அவருடைய கிளாஸ்கள் ஷீட்டில் ஏறாமலே போகலாம்.

காசுக் கணக்கு

ஜாப்பியரில் வெற்றிகரமாக முடியும் ஒவ்வொரு ஆக்‌ஷனும் ஒரு ‘டாஸ்க்’. ட்ரிகருக்குக் கணக்கில்லை. ஃபில்டருக்கும் இல்லை. ஒரு முன்பதிவுக்கு ஷீட், வாட்ஸ்அப், தம்பிக்குத் தகவல் என்றால் மூன்று டாஸ்க். மாதம் 40 முன்பதிவு என்றால் 120. அதில் பத்துப் பேர் நேரத்தை மாற்றினால், புதிய பதிவுக்காக இன்னொரு 30. ஆக 150. இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க்தான். அதுவும் ஒரு ட்ரிகருக்கு ஒரே ஆக்‌ஷன்.

கட்டணங்களும் வரம்புகளும் அடிக்கடி மாறும். ஆகவே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஷெட்யூலிங் மென்பொருளின் எந்தத் திட்டத்தில் வெளி இணைப்புக்கு அனுமதி உண்டு? ஆட்டோமேஷன் சேவையின் எந்தத் திட்டம் நம் மாதக் கணக்கைத் தாங்கும்? முழுவதும் அமைத்து முடித்த பிறகு ‘அப்கிரேட் செய்யுங்கள்’ என்று திரையில் வந்தால் கடுப்புதான் மிச்சம்.

வாட்ஸ்அப், எஸ்எம்எஸ்: அனுமதிக்கு நேரம் ஒதுக்குங்கள்

நம் சொந்தப் போனில் இருக்கும் வாட்ஸ்அப்பை அப்படியே ஆட்டோமேஷனில் மாட்ட முடியாது. அதற்கு வாட்ஸ்அப்பின் வணிகத் தளம் வேண்டும். வாடிக்கையாளர் கடைசியாக மெசேஜ் அனுப்பி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசக மாதிரியைத்தான் அனுப்ப முடியும். இந்திய எண்களுக்கு வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, டிராய் விதிகளின்படி டிஎல்டி தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், வாசகம் மூன்றையும் பதிய வேண்டும்.

இவையெல்லாம் ஒரே நாளில் முடியும் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது. மற்ற வேலைகளுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். வாசகத்தை எழுதும்போதே மூன்று வகை தயார் செய்துவிடலாம்: பதிவானது, நேரம் மாறியது, ரத்தானது. ‘நேரம் மாறியது’ என்ற தனி வாசகம் இருந்திருந்தால், அந்த அம்மாவுக்குக் குழப்பமே வந்திருக்காது.

குழந்தைகளின் தகவல் யார் கையில்?

ஒரு முன்பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் சர்வர்களைத் தொட்டுவிட்டுத்தான் ஷீட்டுக்கு வருகிறது. அதில் பெயர், போன், வயது எல்லாம் இருக்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதவர்களைக் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கவும் இடம் உண்டு. சட்டத்தின் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

இதற்கு எளிய வழி, தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பது. பாட்டு கிளாஸுக்கு வீட்டு முகவரி எதற்கு? பிசியோதெரபி கிளினிக் என்றால், தம்பிக்குப் போகும் கட்டணத் தகவலில் ‘முதுகு வலி’ என்று ஏன் இருக்க வேண்டும்? ஷீட்டை ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று விட்டுவைப்பதுதான் இதில் மிகச் சாதாரணமான, மிக ஆபத்தான தவறு.

டெஸ்ட் எப்படிச் செய்வது?

உண்மையான வாடிக்கையாளர்களை வைத்துச் சோதனை செய்யக் கூடாது. ‘டெஸ்ட் கிளாஸ்’ என்று தனி முன்பதிவு வகை ஒன்றை உருவாக்கி, வேறு மின்னஞ்சலில் இருந்து பதிவு செய்து பார்க்கலாம். பதிவு, நேர மாற்றம், இரண்டு பக்கமிருந்தும் ரத்து என எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்ட வேண்டும். போனின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டு மறுபடி ஒருமுறை. பெயரைத் தமிழில் ‘ஞானசௌந்தரி’ என்று போட்டு, எழுத்து உடையாமல் வருகிறதா என்றும் பார்க்கலாம்.

ஒரே தகவல் சில சமயம் இரண்டு முறை வரும். அதைப் பிடிக்க, ஒவ்வொரு முன்பதிவுக்கும் இருக்கும் தனி அடையாள எண்ணை ஷீட்டில் ஒரு பத்தியாக வைத்துக்கொள்வது நல்லது. அந்த எண் ஏற்கெனவே இருந்தால் புதிய வரி வேண்டாம்.

எல்லாம் சரி என்றாலும், பழைய நோட்டை உடனே தூக்கிப்போட வேண்டாம். இரண்டு வாரம் நோட்டிலும் எழுதலாம், ஷீட்டிலும் ஓடட்டும். வாரக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். முதலில் ஷீட் மட்டும். அது சரியாக ஓடினால் வாட்ஸ்அப். ஷீட்டில் தவறு வந்தால் நாம் திருத்திக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் போன தவறை வாடிக்கையாளர் படித்துவிடுவார்.

இணைக்கும் முன் ஆறு கேள்விகள்

• நேர மாற்றம் வந்தால் யாருக்கு என்ன மெசேஜ் போகும்?
• ஷெட்யூலிங் மென்பொருளே செய்யும் வேலையை நாம் மறுபடி செய்கிறோமா?
• பதிவேட்டில் இருப்பது எந்த ஊர் நேரம்?
• இணைப்பு யாருடைய லாகினில் இருக்கிறது? அவர் போனால் என்ன ஆகும்?
• பிழை மின்னஞ்சல் யாருக்கு வரும்? ஞாயிற்றுக்கிழமை அதை யார் பார்ப்பார்?
• எல்லாவற்றையும் உடனே நிறுத்த வேண்டுமானால் எந்தப் பட்டனை அணைக்க வேண்டும் என்று குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியுமா?

ஆறுக்கும் பதில் தாளில் இருந்தால் ‘கனெக்ட்’ பட்டனை அழுத்தலாம். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், ஒரு நாள் தள்ளிப்போடுவதால் நஷ்டம் இல்லை. முதல் கிளாஸிலேயே காத்திருந்து ஏமாந்த குடும்பம், இரண்டாவது கிளாஸுக்கு வருவது சந்தேகம்தான்.